ஆட்சேபணை இல்லாத வரி

ஓய்வுபெற்ற தாசில்தார் ஆவுடையப்பன் அறுபது வயதில் தமிழ் எம்.ஏ. சேர்ந்தார். ஒரு சிறுகதையைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை, முதல் வரியைப் பார்த்ததுமே இரண்டு முறை திருப்பிக் கொடுத்துவிட்டார் பேராசிரியை செங்கமலம். ஆவுடையப்பனுக்கு அவர் மகள் வயதுதான். மூன்றாம் முறையும் திரும்பினால் வருஷமே வீண். மனிதர் ஆடிப்போயிருந்தார்.

"இக்கதை மனித வாழ்வின் பல்வேறு பரிமாணங்களை அழகுற எடுத்துரைக்கிறது" என்று பேராசிரியையின் அறையில் அந்த முதல் வரியை வாசித்தார். பாம்பும் நோகாமல், பாம்படித்த கோலும் நோகாமல் எழுதிய வரி.

"இதுல என்னம்மா குறை? முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல என் கோப்புல ஒருத்தரும் ஆட்சேபணை போட்டதில்ல."

"அப்படியா? கேன்டீன்ல டீ மாஸ்டர் அருளப்பன்கிட்ட இந்த வரியப் படிச்சுக் காட்டிட்டு வாங்கய்யா."

போனார். ஐந்தே நிமிடத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினார்.

"என்ன சொன்னார்?"

"ரொம்ப சரின்னுட்டார்."

"கதையப் படிச்சிருக்காரா?"

"இல்ல."

செங்கமலம் முதல் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதிப் பதினைந்து பக்கத்தையும் அவரிடமே நீட்டினார்.

"முதல் வரியிலேயே ஒத்துக்கிட்டார். இதெல்லாம் இனிமே யாருக்கு?"

தாசில்தார் அந்தத் தாள்களை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"கதையப் படிக்கும்போது உங்களுக்கு என்னய்யா தோணுச்சு?"

அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "செத்துப்போன மகனுக்கு அந்தத் தாய் தினமும் சாப்பாட்டு இலை போடுறா. எல்லாரும் பாசம்ங்கிறாங்க. எனக்கென்னவோ மருமகளக் குத்திக்காட்டத்தான் போடுறாளோன்னு... மருமக பிறந்த வீட்டுக்குப் போன ரெண்டு நாளும் இலை விழல. ஆனா அதை எழுத முடியுமா? வம்பாயிடும்."

"அதையும் அருளப்பன்கிட்டச் சொல்லிட்டு வாங்க."

இந்த முறை ஒரு மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தவரின் சட்டையில் டீ சிந்தியிருந்தது. இத்தனை கோபமாகவும் இத்தனை சந்தோஷமாகவும் அவர் எந்த அலுவலகத்திலிருந்தும் வெளியே வந்ததில்லை.

"பெத்தவளப் போய் இப்படிப் பேசலாமான்னு சண்டைக்கு வந்துட்டாரும்மா. அந்த ரெண்டு நாளச் சொன்னேன். துக்கத்துல படுத்திருப்பாங்கிறார். அந்த ரெண்டு நாளும் அவ பக்கத்து வீட்டுல தாயம் ஆடினது கதையிலேயே இருக்குன்னேன். அப்பவும் மனுஷன் ஒத்துக்கல. அதுக்குள்ள கூட்டம் வந்துட்டுது. நான் சொல்ல வேண்டியது இன்னும் எவ்வளவோ கிடக்கு."

செங்கமலம் மேசை இழுப்பறையைத் திறந்து வெற்றுத் தாள்களை எடுத்து நீட்டினார்.

"எழுதுங்கய்யா. அருளப்பனுக்கு."