சோப்புத் தடவிய பெல்ட்

"எட்டு மாசமாச்சும்மா. இன்னும் ஒரு ஸ்பேனரைக் கையில குடுக்கலையே" என்றார் பொன்னுரங்கம்.

மைமூன் தலையைத் தூக்கவில்லை. பழைய வயர் ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"காது இருக்குல்ல சார். முதல்ல அதைப் பழக்குங்க."

குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபத்து மூன்று. போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

நத்தம் ரோட்டில் கார்களுக்கு மின்சார வேலை பார்க்கிற பட்டறை அவளுடையது. எட்டு மாதம் முன்னால், கார் ஹாரன் அடிக்கவில்லை என்று பொன்னுரங்கம் அங்கே வந்தார். சரி பண்ணிக் கொடுத்தாள். மறுநாளும் வந்தார். தொழில் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். மூன்றாம் நாள் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

அவ்வளவுதான் தீட்சை.

பட்டறை ஒன்பதுக்குத் திறக்கும். எட்டரைக்கே ஷட்டர் முன்னால் நிற்பார். ஞாயிறு லீவு. ஞாயிறு அவருக்குப் பிடிக்காது.

அவள் இரண்டு பேரை வேலையை விட்டு அனுப்பியதைப் பார்த்திருக்கிறார். திட்டவில்லை, கத்தவில்லை. "போதும், கிளம்புங்க" என்றாள். அந்தச் சொல் என்றைக்குத் தன் மேல் விழுமோ என்று அவருக்குப் பயம்.

அன்று மதியம் மைமூன் சாப்பிடப் போயிருந்தாள்.

ஒரு கார் வந்து நின்றது. கீச்சென்று ஒரே அலறல். ஓட்டி வந்தவன் பெயர் டேவிட்ராஜ். பின் சீட்டில் அவன் அம்மா. நாளைக் காலை மதுரையில் அந்தம்மாவுக்குக் கண் ஆபரேஷன்.

"பெரியவரே, மானம் போகுது. ரோட்ல போற நாயெல்லாம் திரும்பிப் பாக்குது. சட்டுனு எதாவது பண்ணுங்க."

பொன்னுரங்கம் பானெட்டைத் தூக்கிக் காதைக் கொடுத்தார். பெல்ட். சந்தேகமே இல்லை, பெல்ட்தான்.

கை கழுவ வைத்திருந்த துணி சோப்பை எடுத்து, என்ஜினை அணைக்கச் சொல்லி, பெல்ட்டில் நன்றாகத் தேய்த்தார்.

"இப்பப் போடுங்க."

சத்தமே இல்லை.

"அடேங்கப்பா! கைராசிக்காரர்யா நீரு!" என்றான் டேவிட்ராஜ். "இருங்க, ஒரு டீயைப் போட்டுட்டுக் கிளம்புறேன்."

அவரைப் பாராட்டி ஒருத்தர் பேசி எத்தனை நாளாயிற்று! பொன்னுரங்கத்துக்கு முகமெல்லாம் பல்.

மைமூன் திரும்பி வந்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க நின்ற காரைப் பார்த்தாள்.

"சத்தத்தை நிறுத்திட்டேம்மா" என்றார்.

"எந்தச் சத்தத்தை?"

அவர் சோப்பைக் காட்டினார்.

அவள் கார் பக்கம் போனாள். காருக்குள் கையை விட்டு ஹெட்லைட்டைப் போட்டாள். சுமை கூடட்டும் என்று ஏ.சி.யையும் போட்டாள். ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அதன் நுனியை, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்ட்டர்னேட்டர் மேல் ஊன்றினாள். பிடியை அவர் காதில் வைத்தாள்.

பொன்னுரங்கம் கண்ணை மூடினார்.

உள்ளே, ஆழத்தில், யாரோ மணலைப் போட்டு அரைத்துக்கொண்டிருந்தார்கள். விடாமல்.

"இது... இது எப்பலேர்ந்தும்மா?"

"ரொம்ப நாளா. பேரிங் செத்துக்கிட்டிருக்கு. அது சுத்த முடியாம இறுகுது, பெல்ட்டு வழுக்கிக் கத்துது. அது கத்துனதாலதான் வண்டி இங்க வந்துச்சு. நீங்க அது வாயைப் பொத்திட்டீங்க."

"வண்டி நல்லாத்தானே ஓடுது?"

"பேட்டரியில இருக்கிறதைத் தின்னு ஓடும். தீர்ந்ததும் மொத்தமா நின்னுடும். மலையடிவாரத்துல, அந்தம்மாவை வெச்சுக்கிட்டு."

டீ கிளாஸோடு வந்த டேவிட்ராஜ் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நல்ல கைராசி பெரியவரே!" என்றான். "ஆபரேஷனுக்குப் போற எங்கம்மாவை நடுரோட்டுல நிக்க வெச்சிருப்பீரே!"

பொன்னுரங்கம் தரையைப் பார்த்தார்.

மைமூன் ஆல்ட்டர்னேட்டரைக் கழற்றிப் பேரிங்கை மாற்றினாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர் நின்றுகொண்டே இருந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை.

கார் போய்விட்டது.

அவள் கையைத் துடைத்தாள். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நாளைக்கு நான் வரணுமா, வேண்டாமாம்மா?"

அவள் கை துடைத்த துணியை ஓரமாகப் போட்டாள்.

"நீங்க எதுக்கு சார் இங்க வர்றீங்க?"

"தொழில் கத்துக்கத்தான்."

மைமூன் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். ஓடுகிற என்ஜின் முன்னால் நிற்பாளே, அப்படி.

"சும்மா இருந்தா மூளை துருப்பிடிச்சுடும் பாரு, அதான்" என்று சிரித்தார்.

அவள் அசையவில்லை.

ஒரு லாரி போயிற்று. பஸ் ஒன்று போயிற்று. அதற்கப்புறம் ரோட்டில் எதுவும் வரவில்லை.

அவர் சிரிப்பு நின்றது. தொண்டையைச் செருமினார்.

"வீட்டுல..." என்றார். "வீட்டுல நான் ஒருத்தன்தான். சத்தமே இல்லம்மா."

"இப்பத்தான் உள்ள இருக்கிற சத்தம் கேக்குது" என்றாள் மைமூன். "காலையில வாங்க."