மெஷினுக்குச் சுற்றிய டேப்

குன்னூரில் மழை ஓய்ந்தாலும் சுவர் ஓயாது, வியர்த்துக்கொண்டே இருக்கும். அதனால் சில வீடுகளில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஒன்று மூலையில் நிற்கும். அதைப் பழுது பார்ப்பதில் ஜெபமணி பேர்போனவள். அவளிடம் வேலை கற்றுவந்தாள் பவளக்கொடி. பவளக்கொடி ஜெபமணியைவிட நான்கு வயது மூத்தவள், கைப்பிள்ளைக்காரி. ஆனாலும் இவள் அவளை ‘மாஸ்டர்’ என்பாள். அவள் இவளை ‘அக்கா’ என்பாள். கருவிப் பையைத் தூக்குவது மட்டும் எப்போதும் கற்றுக்கொள்கிறவர் வேலை.

அன்று படியேறும்போது பவளக்கொடி மெல்லக் கேட்டாள்.

“மாஸ்டர், ஜனங்க சொல்ற சொல்லு சுருக்குனு படுது. படாம இருக்க வழி இருக்கா?”

ஜெபமணி மேலே ஏறிப்போய்க் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த வீட்டுக்காரி சகாயமேரி, பவளக்கொடியைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

“போன வாரம் இந்தம்மா புது சென்சார் போட்டாங்க. அன்னையிலேர்ந்து மெஷின் அஞ்சு நிமிஷம் ஓடுது, நின்னுடுது. சுவர்ல தண்ணி வழியுது, இது காஞ்சிருக்குங்குது. பையனுக்கு நெஞ்சுல இழுப்பு. இன்னைக்கும் சரியாகலேன்னா இவங்க என் படி ஏற வேண்டாம்.”

பவளக்கொடிக்குக் காது சுட்டது. அவள் முதன்முதலாகத் தனியாகச் செய்த வேலை அது.

ஜெபமணி மூடியைக் கழற்றினாள். பார்த்தாள். பையனைக் கூப்பிட்டாள்.

“தம்பி, இதுகிட்ட வாயை வச்சு ‘ஹா’ன்னு ஊது.”

ஊதினான். ஈரம் காட்டும் எண் நாற்பதிலேயே நின்றது.

“அக்கா, நீங்க பாருங்க.”

பவளக்கொடி குனிந்தாள். காற்றின் ஈரத்தை உணரும் மிளகளவு சென்சார். அதன்மேல் அவள் சுற்றிய டேப், ஒரு சுருக்கம் இல்லாமல். ஈரம் பட்டால் கெட்டுப்போகுமே என்று ரிப்பேர் கடையில் கணப்படுப்புச் சூட்டின் பக்கம் உட்கார்ந்து, பிள்ளையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றுகிற மாதிரி சுற்றியிருந்தாள். தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

அந்தக் காய்ந்த காற்று இன்னும் டேப்புக்குள்ளேயே இருந்தது.

நகத்தால் உரித்தாள். தானே ஊதினாள். நாற்பது, அறுபது, தொண்ணூறு. மெஷின் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

“யார் இதைச் சுத்தினது?” என்றாள் சகாயமேரி.

ஜெபமணி கீழே கிடந்த திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பவளக்கொடி நிமிர்ந்தாள். “நான்தாங்க. ஈரம் படக்கூடாதுன்னு சுத்திட்டேன். தப்பு என்னோடது.”

“ஈரம் பாக்குறதுக்கே குடை பிடிச்சீங்களாக்கும்?”

அதற்குள் மெஷினின் தொட்டியில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. பையன் குனிந்து சொட்டுகளை எண்ணத் தொடங்கினான். சகாயமேரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அடுத்த மாசம் சுத்தம் பண்ண யாரு வருவா?”

“அக்காதான் வருவாங்க. தனியா,” என்றாள் ஜெபமணி.

படியிறங்கும்போது பவளக்கொடி சொன்னாள்.

“நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே, மாஸ்டர்.”

“குடைன்னாங்களே, சுருக்குனு பட்டுச்சா?”

“பட்டுச்சு.”

“அப்ப உங்க சென்சார்ல பழுதில்லை. பையைக் குடுங்கக்கா, இன்னைக்கு நான் தூக்குறேன்.”