கோதண்டபாணியின் புது வரிசை

திருநெல்வேலியில் ஒரு பண்பலை வானொலிக்குக் கோதண்டபாணி மேலாளர். தான் எழுதிய கணினிப் புரோகிராம் தினமும் பாட்டுகளைப் புது வரிசையில் அடுக்குகிறது என்று சொல்லிச் சொல்லியே முதலாளிக்கு அடுத்த முதல் நாற்காலியைப் பிடித்தவர்.

கடைசி நாற்காலியில் இருந்த பயிற்சிப் பெண் இசக்கியம்மாள் ஒருநாள் கூட்டத்தில் வாய் திறந்தாள். "வரிசை மாறல சார். ஆரம்பம்தான் மாறுது."

"ஏம்மா, ரொம்பப் படிச்சிட்டியோ?" என்றார் கோதண்டபாணி. "முதலாளி ஐயா காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள நிரூபி. இல்லேன்னா நாளையிலேருந்து வராத."

இசக்கி நேற்றைய பட்டியலின் வாலில் அதே பட்டியலை இன்னொரு முறை ஒட்டினாள். இன்றைய பட்டியல் அதற்குள் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று தேடச் சொல்லிக் கணினிக்கு ஒரே வரி எழுதினாள். இரண்டாவது பாட்டில் தொடங்கி அப்படியே இருந்தது. நேற்றையதை முந்தாநாளோடு பார்த்தாள். அதுவும் இருந்தது.

காபி பாதிகூடத் தீரவில்லை.

"அப்ப இவரு என்னதாம்மா செஞ்சாரு?" என்றார் முதலாளி.

"முதல் பாட்டைத் தூக்கிக் கடைசியில போட்டிருக்காரு ஐயா. தினமும் மறக்காம."

கோதண்டபாணி செருமினார். "கேக்கிறவங்களுக்குப் புதுசாத்தானே இருக்கும்?"

"இருக்கும்" என்றார் முதலாளி. "நீங்க கடைசி நாற்காலிக்குப் போங்க. மத்தவங்க ஆளுக்கு ஒரு இடம் முன்னால வாங்க. புதுசா இருக்கான்னு பாப்போம்."

இசக்கி எழுந்து அவருக்கு இடம் விட்டாள்.