சிவப்புக் கோடு விழுந்த வசனம்

"சட்டமே ரத்தாயிருச்சு. அப்புறம் அந்த வசனம் மட்டும் குர்ஆன்ல எதுக்கு இருக்கு ஆலிமாம்மா?"

கேட்டது மர்ழியா. கேள்வியில் கொஞ்சம் மிதப்பும் இருந்தது, மறைப்பானேன்.

நாற்பத்தெட்டு வயதில், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, கடலோரத்துப் பெண்கள் மத்ரஸாவில் ஓதச் சேர்ந்தவள். பாடம் நடத்துகிற ஸெய்தூன் ஆலிமாவுக்கு அவளைவிடப் பதினைந்து வயது குறைவு. அதனால் ஆலிமா அவளை அக்கா முறையில் லாத்தா என்பாள். அவள் ஆலிமாவை அம்மா என்பாள்.

"எந்த வசனம் லாத்தா?"

மர்ழியா நோட்டை நீட்டினாள். பின்னால் இறங்கிய வசனத்தால் சட்டம் மாறிப்போன வசனங்களின் எண்களையெல்லாம் வரிசையாக எழுதியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஸ்கேல் வைத்து ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் 'ரத்து' என்று கொட்டை எழுத்து. அப்பப்பா, என்ன சுத்தம்!

அவள் விரல் வைத்த இடம், நோன்பு வைக்கச் சிரமப்படுகிறவர்கள் ஈடாக ஓர் ஏழைக்குச் சோறு கொடுப்பதைப் பற்றிய வசனம்.

"முதல்ல நோன்பு வைக்கலாம், இல்லாட்டி சோறு குடுக்கலாம், அவங்கவங்க இஷ்டம்னு இருந்துச்சு. அப்புறம், மாசத்தை அடைஞ்சவங்க நோன்பு வைக்கணும்னு அடுத்த வசனம் வந்துச்சு. நீங்கதானே பாடம் நடத்துனீங்க?"

"நடத்துனேன்."

"எங்க உம்மா அஞ்சு வருசமா நோன்பை விட்டுட்டுச் சோறு குடுத்துக்கிட்டு இருந்தாங்க. இந்த ரமலான்ல நான்தான் நிப்பாட்டுனேன். இன்னைக்குப் பன்னெண்டாவது நோன்பு!"

ஆலிமா நிமிர்ந்தாள்.

"உம்மாவுக்கு என்ன வயசு?"

"எழுபத்தாறு."

"சர்க்கரை இருக்கா?"

"இருக்கு. விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்டோடயே மாத்திரைய குடுத்துர்றேன்."

ஆலிமா நோட்டை மறுபடி பார்த்தாள்.

"ரத்துன்னு போட்டிருக்கீங்க. யாருக்கு ரத்துன்னு போடலையே?"

"அன்னைக்கு நீங்க அது சொல்லலையே ஆலிமாம்மா."

"தெம்பு உள்ளவங்களுக்குத்தான் ரத்துன்னு மறுநாள் சொன்னேன். நீங்க வரலை."

"சஹருக்குச் சாமான் வாங்க வேண்டியிருந்துச்சு..."

ஆலிமா பாடக் கிதாபை மூடினாள்.

"புர்காவைப் போடுங்க."

"பாடம்?"

"நடங்க லாத்தா!"

தெருவில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஆலிமா ஓட்டமும் நடையுமாகப் போனாள். மர்ழியா பின்னாலேயே ஓடினாள்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

உம்மா தரையில் கிடந்தாள். வியர்வை ஊற்றியது. கை உதறியது. அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, கடற்கரைக் குடிசையில் வலை பின்னிப் பிழைக்கும் ரமீஜா அழுதுகொண்டிருந்தாள்.

"பதினோரு நாளா தூக்குச்சட்டி வரலையே, பெரியம்மாவுக்கு உடம்பு கிடம்பு முடியலையோன்னு எட்டிப் பார்த்தேன். இப்படிக் கிடக்காங்க! சீனித்தண்ணி கரைச்சு வச்சிருக்கேன், வாயைத் திறக்க மாட்டேங்குறாங்க!"

அஞ்சு வருசமும் உம்மா கொடுத்தனுப்பிய சோறு ரமீஜா வீட்டுக்குத்தான் போனது.

ஆலிமா குனிந்து டம்ளரை உம்மாவின் உதட்டில் வைத்தாள்.

உம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். "மஃரிபுக்கு இன்னும் நேரம் இருக்கு, இப்ப நோன்பு திறக்க மாட்டேன். அந்த வசனம் ரத்து. எம் மவ சொல்லிட்டா. எம் மவ ஓதுனவ."

சொல்லும்போதே நாக்குக் குழறியது. அதிலும் ஒரு பெருமை, பாவம்.

ஆலிமா டம்ளரை மர்ழியாவின் கையில் திணித்தாள்.

"நீங்க சொன்னது. நீங்களே மாத்துங்க."

மர்ழியா மண்டியிட்டாள். "உம்மா, குடிங்க."

"போடி. நேத்து ஒரு பேச்சு, இன்னைக்கு ஒரு பேச்சா? நான் எதைக் கேக்க?"

உம்மாவின் கண் செருகியது. ரமீஜா 'யா அல்லா' என்று அலறினாள்.

"பின்னால சொல்றதைக் கேளுங்க உம்மா!" மர்ழியா கத்தினாள். "முதல்ல சொன்னது பாதி கேட்டுட்டுச் சொன்னது. எம் புத்தியச் செருப்பால அடிங்க. அல்லாவுக்காக வாயைத் திறங்க!"

"வசனம் இருக்கா?"

"இருக்கு உம்மா."

"ஓது."

மர்ழியா ஓதினாள். சிவப்புக் கோடு போட்ட அதே வசனம், நூறு தரம் ஓதியதுதான். அன்றைக்குக் குரல் நடுங்கி இரண்டு இடத்தில் நின்றுபோனது. எடுத்துக் கொடுக்க ஆலிமா வாயைத் திறக்கவில்லை. மர்ழியா தானே தேடிப் பிடித்து ஓதினாள்.

முடிப்பதற்குள் உம்மாவின் உதடு டம்ளரில் பட்டது.

ஒரு வாய். இன்னொரு வாய். பாதி நெஞ்சில் வழிந்தது. ரமீஜா இன்னும் சீனி போட்டுக் கலக்கிக் கொண்டுவந்தாள். அதையும் குடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் கை உதறல் நின்றது. ஆலிமா டாக்டருக்குப் போன் போட்டாள். போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பாதியில பாடத்தை நிறுத்துனது என் மேலயும் தப்பு லாத்தா," என்றாள்.

உம்மா கண்ணைத் திறந்து, தன்னைத் தாங்கியிருந்தவளைப் பார்த்தாள்.

"ஏன்டி ரமீஜா, பதினோரு நாளா நோன்பு திறக்க என்னத்தைத் தின்னே?"

ரமீஜா முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கிடைச்சதைத் தின்னேன் பெரியம்மா. நீங்க பேசாதீங்க."

ஆலிமா மர்ழியா பக்கம் திரும்பினாள்.

"மத்ரஸாவுல ஒன்னு கேட்டீங்களே லாத்தா," என்றாள் ஆலிமா. "அந்த வசனம் இன்னும் எதுக்கு இருக்குன்னு."

மர்ழியா எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஆணியில் தூக்குச்சட்டி தொங்கியது. பதினோரு நாள் தூசி.

எடுத்துக் கழுவ உட்கார்ந்தாள்.