சாளை மீனுக்கு நின்ற கிரேன்

தென்கடலில் முதல் காற்றாலையை நட்டுக்கொண்டிருந்த நாட்களில் அந்த வேலைக்கு ஓர் ஆசான் இருந்தார். ஆசான் என்றதும் தாடியையும் காவியையும் தேட வேண்டாம். பெயர் செலஸ்டினா மோத்தா. தூத்துக்குடிக்காரர். வயது இன்னும் நாற்பதைத் தொடவில்லை. எங்கெங்கோ குளிர்க் கடல்களில் இதே வேலையைப் பல வருஷம் பார்த்துவிட்டுச் சொந்தக் கடலுக்குத் திரும்பியவர். ஆசானுக்குப் பெண்பால் என்னவென்று வேலை நடந்த கப்பலில் ஒருவருக்கும் தெரியாததால் எல்லோரும் ஆசான் என்றே கூப்பிட்டார்கள்.

மாணவர் அவரைவிட மூத்தவர். பணகுடி பலவேசம். தலை பாதி நரைத்தாயிற்று.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுற்றும் காற்றாலைகளில் பாதிக்கு இறக்கை மாட்டியது தானே என்று பலவேசம் சொல்லிக்கொள்வார். பாதி என்பது கொஞ்சம் கூடுதல்தான். ஆனாலும் கைகாட்டுவதில் அவருக்கு இணை கிடையாது. கிரேனுக்குள் உட்கார்ந்திருப்பவர் அவர் கையை மட்டும் பார்த்தால் போதும். இறக்கை நேராகப் போய்த் தன் இடத்தில் உட்காரும். தூக்கிய இறக்கையை ஒரு நாளும் அவர் கீழே இறக்கியதில்லை. 'ஏற்றினால் இறக்காத பலவேசம்' என்று கணவாய் முழுக்கப் பெயர். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் மீசை தானாக ஒரு முறுக்கு ஏறிக்கொள்ளும்.

கடலுக்கு வந்தபிறகு மீசைக்கு வேலை இல்லாமல் போயிற்று. செலஸ்டினா அவரைக் கயிறு பிடிக்கவும் கட்டு சரிபார்க்கவும்தான் விட்டார். ஒரு நாள் பலவேசத்துக்குப் பொறுக்கவில்லை.

“ஆசான், கைகாட்டுற வேலைய எனக்கு எப்பத் தருவீங்க?”

“என்ன அவசரம் அண்ணாச்சி?”

“எவ்வளவு பெரிய கிரேனா இருந்தாலும் என் கைக்குக் கட்டுப்படும். ஊரே சொல்லும்.”

“சொல்லுச்சு. உங்க கை யாருக்குக் கட்டுப்படும்?”

“என் கையா?” பலவேசம் சிரித்தார். “எம் பொண்டாட்டியக் கேட்டுப் பாருங்க. யாருக்கும் கட்டுப்படாது.”

“சரி, சாப்பிடப் போங்க. சோறு ஆறிரும்.”

இதுதான் பதில். பலவேசம் அன்று சோற்றைப் பிசைந்ததைப் பார்த்தவர்கள் பக்கத்தில் உட்காரவில்லை.

அந்தக் கப்பல் கடலடியில் நான்கு கால் ஊன்றி, தண்ணீருக்கு மேலே எழும்பி நிற்கிற கப்பல். தினமும் காலையில் தளத்தில் எல்லோரையும் கூட்டி செலஸ்டினா ஒரே விஷயத்தைத்தான் சொல்வார். “ஏத்தச் சொல்றது ஒருத்தர் கைதான். ஆனா நிறுத்துறதுக்கு எல்லாருக்கும் கை உண்டு. யாரு ரெண்டு கையையும் விரிச்சாலும் கிரேன் நிக்கணும். யாரு கைன்னு பாக்கக் கூடாது.” எல்லோரும் பூம்பூம் மாடு போலத் தலையாட்டுவார்கள். பலவேசமும் ஆட்டுவார். கோயிலில் திருநீறு வாங்குவது போல அது ஒரு வழக்கம், அவ்வளவுதான் என்று அவர் நினைத்திருந்தார்.

தூண் நின்றது. இரண்டு இறக்கைகளை செலஸ்டினாவே கைகாட்டி ஏற்றினார். மூன்றாவதுதான் பாக்கி. வானிலைக்காரர்கள் இன்னும் இரண்டு நாள்தான் காற்று அடங்கியிருக்கும் என்றார்கள். அதை விட்டால் சாரல் காற்று பிடித்துவிடும். பிறகு ஐப்பசி வரை ஒன்றும் செய்ய முடியாது. காற்றைப் பிடிக்கிற யந்திரத்தை நடுவதற்குக் காற்றில்லாத நாள் வேண்டும். வேடிக்கைதான்.

அன்று காலை செலஸ்டினா கைகாட்டுபவரின் மஞ்சள் சட்டையைக் கழற்றிப் பலவேசத்திடம் நீட்டினார்.

“அண்ணாச்சி, மூணாவது உங்களுது.”

பலவேசம் அதை அங்கேயே மாட்டிக்கொண்டார். உடனே மச்சினனுக்குப் போன் போட்டார். மச்சினன் பேச்சிமுத்து சும்மா இருப்பானா? ஒரு வேனில் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கு வந்துவிட்டான். நையாண்டி மேளம், சரவெடி, ஒரு பை நிறைய லட்டு. எங்கள் ஊர்க்காரர் கைகாட்டித்தான் கடலில் காற்றாலை நிற்கப்போகிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்களாம்.

இறக்கை எழும்பியது. பணகுடித் தேரோடும் வீதியில் அதைப் படுக்க வைத்தால் தேர் திரும்ப இடமிருக்காது, அத்தனை நீளம். கீழே நாலு பேர் கயிற்றைப் பிடித்து அது ஆடாமல் பார்த்துக்கொண்டார்கள். பலவேசம் கையை உயர்த்தி விரலைச் சுழற்றினார். மேலே கிரேனில் இருந்த ஜஸ்டின் அந்த விரலையே பார்த்தான். காற்று மூச்சு விடவில்லை. இறக்கை பாதித் தூணைத் தாண்டியது. கரையில் வெடி போடும் சத்தம் மெல்லியதாகக் கேட்டது.

கிரேன் சட்டென்று நின்றது.

“ஏல ஜஸ்டின்! நான் நிறுத்தச் சொல்லலையே!”

ஜஸ்டின் கிரேன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வேறெங்கோ கைகாட்டினான். பலவேசம் திரும்பினார். சமையலறை வாசலில் ஒச்சப்பன் நின்றுகொண்டிருந்தான். கப்பலின் சமையல்காரன், உசிலம்பட்டிக்காரன். கப்பலுக்கு வருமுன் கண்மாயைத் தவிர வேறு பெரிய தண்ணீரைப் பார்த்தறியாதவன். இரண்டு கையையும் அகல விரித்திருந்தான். ஒரு கையில் கரண்டி இருந்தது.

“காத்து! காத்து வருது!” என்று கத்தினான்.

தென்மேற்கே கடல் ஒரு பெரிய வட்டத்துக்குக் கறுத்துச் சிலிர்த்திருந்தது. கறுப்பு நகர்ந்து நகர்ந்து கப்பலை நோக்கி வந்தது. கடுங்காற்று தண்ணீரை உரசிக்கொண்டு வரும்போது அப்படித்தான் வரும். தொங்கும் இறக்கை மேல் அது அடித்தால் கயிறு பிடித்த நாலு பேரின் கதி என்னவென்று எல்லோருக்கும் தெரியும். நாலு பேரும் கயிற்றைக் கையில் இன்னும் ஒரு சுற்று இறுக்கிக்கொண்டார்கள்.

கறுப்பு கப்பலருகே வந்தது. பளபளவென்று துள்ளியது.

சாளை மீன். கடல் கொள்ளாத கூட்டம். மேலே கடற்காகங்கள் கத்திக்கொண்டு பின்தொடர்ந்தன.

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. பிறகு தளம் முழுக்கச் சிரித்தது. ஒச்சப்பன் விரித்த கையை எப்படி மடக்குவது என்று தெரியாமல் நின்றான்.

பலவேசம் சிரிக்கவில்லை. விரலை மறுபடி உயர்த்தினார்.

“அண்ணாச்சி,” என்றார் செலஸ்டினா. “சட்டுன்னு குலுங்கி நின்னதை எறக்கிட்டு, கட்டெல்லாம் பாத்துட்டுத்தான் மறுபடி ஏத்தணும்.”

“அதுக்குள்ள மத்தியானக் காத்து எந்திரிச்சிரும் ஆசான்! இன்னைக்கு நாள் போயிரும்.”

“போகட்டும்.”

“மீனுல்லா அது! மீனு!”

“எறக்குங்க.”

வாழ்நாளில் முதல் தடவையாகப் பலவேசத்தின் விரல் கீழ்நோக்கித் திரும்பியது. அந்த விரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகம். இறக்கை இறங்க இறங்க அவர் பெயரும் கூடவே இறங்கியது.

பையில் போன் அடித்தது. பேச்சிமுத்து.

“அத்தான், ஏறும்போது வெடி போட்டோம். இப்ப எறங்குதே, இதுக்கு என்ன போட?”

பலவேசம் போனை அணைத்துவிட்டார்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் ஒச்சப்பன் கதைதான் எல்லார் வாயிலும். 'அடுத்த தடவை நெத்திலி வந்தா கப்பலையே கரைக்குத் திருப்பிருவான்' என்றான் ஒருவன். பலவேசம் எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்:

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கரண்டி பிடிக்கிறவன் கையில கிரேனைக் குடுத்தா இதுதான் நடக்கும்.”

ஒச்சப்பன் தலை நிமிராமல் சோறு வைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலைப் படகில் ஊருக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தான்.

செலஸ்டினா உள்ளே வந்தார். ஒச்சப்பன் கையிலிருந்த கரண்டியை வாங்கினார். தோளைப் பிடித்து அவனைத் தான் உட்காரும் இடத்தில் உட்கார வைத்தார். அவனுக்குத் தட்டு வைத்து, முதலில் சோறு போட்டார். பிறகு குழம்பு ஊற்றினார்.

சிரிப்பு நின்றுவிட்டது.

“ஒச்சப்பன், கையை விரிக்கப் பயமா இருந்துச்சா?”

“ரொம்ப பயம் ஆசான். எல்லாப் பேரும் பெரிய பெரிய ஆளுக. நான் யாரு, சமையக்காரன். ஆனா கீழ நாலு பேரு நின்னாய்ங்க. வாய் தொறக்கும்முன்னாடி கை விரிஞ்சிருச்சு.”

“சாப்பிடுங்க. அப்பளம் வேணுமா?”

பலவேசம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“நல்லா இருக்கு ஆசான்! காத்து வந்திருந்தா அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன். வந்தது சாளை. என் பேரு போச்சு, நாளு போச்சு. தப்பு பண்ணவனுக்கு விருந்தா?”

“மீனுதான்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது அண்ணாச்சி?”

“கிட்ட வந்து துள்ளுச்சுல்லா, அப்ப.”

“அப்ப கிரேன் ஓடிட்டு இருந்துச்சா, நின்னுட்டு இருந்துச்சா?”

பலவேசம் உட்கார்ந்தார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கொஞ்சம் மோர் கேட்டார்.

மறுநாள் காலை ஒச்சப்பன் பையைக் கட்டிக்கொண்டு படகுக்கு இறங்கும் இடத்தில் நின்றான். பலவேசம் மஞ்சள் சட்டையோடு அங்கே வந்தார்.

“வே ஒச்சப்பா, எங்க கெளம்பிட்டீரு?”

“வேணாம்ணே. எனக்குக் கடலு தெரியல. மீனுக்கும் காத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் இங்க எதுக்கு?”

“எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? நான் இறக்கையப் பாத்துட்டு இருந்தேன். அந்தத் திக்குல திரும்பியே பாக்கல.” பலவேசம் பையை வாங்கிச் சமையலறைக்குள் எறிந்தார். “வந்து தளத்துல நில்லும். இன்னைக்கும் ஏத்துறோம்.”

இறக்கை மறுபடி எழும்பியது. கரையில் இந்தத் தடவை மேளமும் இல்லை, வெடியும் இல்லை. பேச்சிமுத்து விவரமானவன், முடியட்டும் என்று காத்திருந்தான். பாதி உயரத்தில் பலவேசம் ஓரக்கண்ணால் பார்த்தார். ஒச்சப்பன் சுவரோரமாக நின்றான். கை தன்னையறியாமல் விரிந்துவிடக் கூடாதென்று இரண்டையும் அக்குளுக்குள் இறுக்கிச் செருகி வைத்திருந்தான்.

பலவேசம் தானே கிரேனைக் குலுங்காமல் மெல்ல நிறுத்தச் சொன்னார்.

“வே! கையை வெளிய எடும்! அப்படிச் சொருகி வெச்சிருந்தா அவசரத்துக்கு எப்படி வே விரியும்?”

ஒச்சப்பன் கையை எடுத்தான். தொங்க விட்டான். பலவேசம் அதைப் பார்த்த பிறகுதான் விரலைச் சுழற்றினார்.

இறக்கை போய்த் தூணின் தலையில் பொருந்தியது. உள்ளேயிருந்தவர்கள் மரையை முறுக்கி முடித்துக் குரல் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? கயிறு பிடித்தவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஜஸ்டின் கிரேனிலிருந்தபடியே விசிலடித்தான். ஒச்சப்பன் ஒரு சட்டி நிறையக் கேசரி கிண்டினான். கரையில் வெடித்த வெடி கடலைத் தாண்டிக் கேட்டது. பேச்சிமுத்து முதல் நாள் மிச்சத்தையும் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும்.

மின்சாரம் எடுக்க இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் சாயங்காலம், எல்லோருடைய ஆசைக்காகவும் பூட்டைத் தளர்த்தி இறக்கைகளைச் சும்மா விட்டார்கள். இளங்காற்று வந்தது. மூன்று இறக்கைகளும் யோசித்து யோசித்து அசைந்தன. பிறகு சுற்றின. கடலுக்குள், நம் ஆட்கள் கையால் நட்டது, நம் காற்றில் சுற்றியது. பலவேசத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

செலஸ்டினா கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பலவேசம் பக்கத்தில் போய் நின்றார்.

“ஆசான், நீங்க எத்தனையோ கடல்ல நட்டிருக்கீங்க. இது சொந்தக் கடல். இது சுத்துறதப் பாக்கும்போது பெருமையா இருக்கா, இல்லியா?”

“சுத்துறதக் காத்து பாத்துக்கிடும் அண்ணாச்சி,” என்றார் செலஸ்டினா. “நேத்து ஒரு மீனுக்குக் கிரேன் நின்னுச்சுல்லா. எனக்கு அதுதான் பெருமை.”