காத்தாயியின் தாடை

ஆற்று மடுவில் காத்தாயி என்றொரு பெண் முதலை இருந்தது. கரை மணலில் முட்டைகளைப் புதைத்துவிட்டு, மேலேயே படுத்துக் காவல் காத்தது. முட்டைத் திருடன் உடும்பு அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்ததே!

நாளாக ஆகக் காத்தாயிக்கு முகம் வலித்தது. காதோரம் குத்தியது. வாய் இரண்டு விரற்கடைக்கு மேல் திறக்க மறுத்தது.

முதலைக்கு வாய்தான் தொட்டில். குஞ்சுகள் பொரிந்ததும் தாய்தான் அவற்றை வாயில் ஏந்திப் போய்த் தண்ணீரில் விடவேண்டும். வாய் திறக்காவிட்டால்? அத்தனையும் உடும்புக்கு விருந்து!

மரங்கொத்தி வைத்தியர் வந்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பல்லைத் தட்டினார்.

"பல்லில் புழு!" என்றார்.

"ஐயா, வலி காதோரம் அல்லவா..."

"பரம்பரை பரம்பரையாகப் புழு பிடிக்கிறவன் நான். என்னிடமே சொல்கிறாயா?"

டொக்! டொக்! பல் போயிற்று. வலி போகவில்லை.

"புழு பக்கத்துப் பல்லுக்குத் தாவிவிட்டது!" என்றார். அதுவும் போயிற்று. அடுத்ததற்கு அலகைத் தீட்டினார்.

"நிறுத்தும் ஓய்!" என்று கத்தியது, பக்கத்து மணலில் அடைகாத்துக்கொண்டிருந்த ஆள்காட்டிக் குருவி. "இரண்டு பல் போயும் வலி போகவில்லை. பிறகும் என்ன பல்?"

அது முதலையின் காதோரம் வந்து நின்றது. "அக்கா, வாயை மெல்லத் திறந்து மூடு."

'டக்!' என்றது.

"சத்தம் தாடைப் பூட்டில் அல்லவா கேட்கிறது! எப்போதிலிருந்து வலி?"

"முட்டையிட்டதிலிருந்து."

"முன்பெல்லாம் வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பாயே, இப்போது?"

"உடும்பை நினைத்தாலே பல் நறநறக்கிறது. தூக்கத்தில்கூட!"

"அதுதான் நோய்! உடும்புக்கு விழவேண்டிய கடியை உன் தாடை வாங்கிக்கொண்டிருக்கிறது. வாயைத் தளரவிட்டு வெயிலில் படு. காவலுக்கு நான் இருக்கிறேன். கத்துவதற்கு எனக்குச் சொல்லியா தரவேண்டும்?"

ஆள்காட்டி கத்திய கத்தலில் உடும்பு மூன்று ஊர் தாண்டி ஓடிப்போய், இன்றைக்கும் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறதாம். தாடை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

ஒரு காலையில் மணலுக்குள் 'ங்யா, ங்யா' என்று சத்தம். காத்தாயி மணலைப் பறித்தது. வாயைத் திறந்தது. முழுசாகத் திறந்தது!

குஞ்சுகள் ஏறிக்கொண்டன. கடைக்குட்டி மட்டும் பல் போன சந்தில் சாய்ந்துகொண்டு, "அம்மா, இந்த நாற்காலி எனக்கா?" என்றது.

"வைத்தியர் செய்து கொடுத்ததடா!" என்று சொல்லக் காத்தாயிக்கு ஆசைதான். வாய் நிறையப் பிள்ளைகள், எப்படிச் சொல்லும்?

வலிப்பவரைக் கேட்காமல், தன் கையிலுள்ள கருவியைக் கேட்டு வைத்தியம் பார்த்தால், நோய் இருந்த இடத்திலேயே இருக்கும். நல்ல பல்தான் போகும்.