ஆம்பல் குளத்து ஐவர்

மருதங்காட்டில் எட்டுப் பெண்கள் கல்லூரிகள் இருந்தன. ஆண்டுக்கு ஒருமுறை அவற்றுக்குள் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். எதிரெதிரே நின்ற இரண்டு மரங்களில் மூங்கில் கூடைகளைக் கட்டித் தொங்கவிடுவார்கள். தேங்காய் நாரை இறுக்கிச் சுற்றினால் பந்து. வெல்லும் கல்லூரிதான் ஏழு காடுகளும் கலந்துகொள்ளும் பெரும்போட்டிக்குப் போகலாம்.

அந்த ஆண்டு ஆம்பல் குளத்துக் கல்லூரியை யாருமே மதிக்கவில்லை. ஆட ஐந்தே பேர். களைத்துப்போனால் மாற்றி இறக்க ஆள் கிடையாது. ஆனாலும் முதல் நாள் மான்களை வென்றார்கள். மறுநாள் காட்டுப்பூனைகளை வென்றார்கள். மூன்றாம் நாள் இறுதிப் போட்டி. எதிரே பத்து ஆண்டுகளாகத் தோற்காத நரிக்குன்று அணி!

ஆம்பல் குளத்தின் தலைவி நாச்சி என்ற கீரி. குட்டையானவள். பந்தைத் தட்டிக்கொண்டே எதிரணியின் கால்களுக்கு நடுவில் புகுந்து போய்விடுவாள். கூடைக்கு அருகில் மேகலை என்ற மந்தி காத்திருப்பாள். நாச்சி பந்தைக் கொடுப்பாள். மேகலை எம்பிக் கூடையில் போடுவாள். பூவரசி முயலும் கோமதி அணிலும் அங்கும் இங்கும் ஓடி எதிரிகளைத் திணறடிப்பார்கள். சடைச்சி முள்ளம்பன்றி தங்கள் கூடையைக் காத்து நிற்பாள்.

இறுதிப் போட்டியன்று காலை, நாச்சி ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நரிகளின் தலைவி குழலி மெல்ல வந்தாள்.

"நாச்சி! உன் ஆட்டத்தைப் பார்த்து அசந்துபோனேன்!"

"நன்றி, குழலி."

"ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாயே? இந்த இரண்டு நாளில் நீ எத்தனை கூடை போட்டாய்?"

நாச்சி யோசித்தாள். "ஒன்றும் இல்லை."

"அடப் பாவமே! ஓடி ஓடிச் சாகிறவள் நீ. பேர் வாங்குகிறவள் அந்த மந்தியா?" என்று உச்சுக் கொட்டிவிட்டு நரி போய்விட்டாள்.

நாச்சி மீதித் தண்ணீரைக் குடிக்காமலே திடலுக்கு நடந்தாள்.

ஆட்டம் தொடங்கியது. நாச்சி யாருக்கும் பந்தைக் கொடுக்கவில்லை. தானே எறிந்தாள். ஒன்று கிளையில் பட்டுத் திரும்பியது. ஒன்றை நரிகள் தட்டிவிட்டார்கள். இன்னொன்று கூடைக்கே போய்ச் சேரவில்லை. மேகலை நீட்டிய கை நீட்டியபடியே நின்றாள். "அப்படித்தான் நாச்சி, நீயே போடு!" என்று குழலி சிரித்தாள். பாதி ஆட்டத்தில் நரிகள் இருபது. மற்ற நால்வரும் தாங்களே பிடித்துப் போட்டதில் ஆம்பல் குளம் எட்டு.

இடைவேளையில் சடைச்சி முட்கள் சிலிர்க்க வந்தாள். "என்னடி ஆச்சு உனக்கு? நாங்கள் நாலு பேர் நிற்பது கண்ணுக்குத் தெரியவில்லையா?"

நாச்சி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

மேகலை கோபப்படவில்லை. அருகில் உட்கார்ந்தாள். "இரண்டு நாளில் பதினேழு கூடை போட்டேன். அதில் நீ கொடுக்காத பந்து ஒன்று உண்டா? சொல்லு பார்ப்போம்!"

நாச்சியின் கண் கலங்கியது. "தப்பு என்னுடையதுதான்டி" என்றாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "நான் பந்தைக் கொடுக்கமாட்டேன் என்றுதான் நரிகள் இப்போது நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நம்பட்டும்!"

மறுபாதி தொடங்கியது. நாச்சி நேராகக் கூடையை நோக்கி ஓடினாள், எம்பினாள். மூன்று நரிகள் அவள்மேல் பாய்ந்தார்கள். அந்தரத்திலேயே பந்தைப் பக்கவாட்டில் தட்டிவிட்டாள். மேகலை வாங்கினாள். கூடை! மறுபடியும் எம்பினாள். மறுபடியும் பாய்ந்தார்கள். பந்து பூவரசியிடம் போனது. கூடை!

"முட்டாள்களே, மந்தியைப் பிடியுங்கள்!" என்று குழலி கத்தினாள்.

"கீரி யாருக்கும் கொடுக்கமாட்டாள் என்று நீதானே சொன்னாய்!" என்று ஒரு நரி சீறினாள். நரிகளுக்குள் வாய்ச்சண்டை மூண்டது. அதற்குள் கோமதி ஒரு கூடை போட்டுவிட்டாள்.

கூடைமேல் கூடையாக விழுந்து, கடைசியில் இரு அணியும் இருபத்தாறு. நடுவரான இருவாச்சி சிறகை உயர்த்தினாள். "பத்து எண்ணுவேன். அதோடு ஆட்டம் முடிந்தது!"

பந்து நாச்சியிடம். மேகலையைச் சுற்றி இரண்டு நரிகள். பூவரசியையும் கோமதியையும் ஆளுக்கொரு நரி மறித்தார்கள். குழலி நாச்சியின் எதிரே. தங்கள் கூடையை விட்டு முன்னே வந்திருந்த சடைச்சியின் பக்கம் மட்டும் யாரும் இல்லை. முள்ளுக்குப் பயந்து ஒரு நரியும் நெருங்கவில்லை.

நாச்சி குழலியின் கால்களுக்கு நடுவே பந்தை உருட்டிவிட்டாள்.

"நானா? எனக்குப் போடத் தெரியாதே!" சடைச்சி பதறினாள்.

"உன்னால் முடியும்! போடுடி!"

சடைச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு எறிந்தாள். பந்து கூடையின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றியது. உள்ளே விழுந்தது.

"பத்து!" என்றாள் இருவாச்சி.

காடே எழுந்து ஆர்ப்பரித்தது. ஐவரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து உருண்டார்கள். முள் குத்தியதைக்கூட யாரும் பொருட்படுத்தவில்லை.

"பெரும்போட்டிக்குப் போகிறவர்களின் பெயரைச் சொல்" என்று இருவாச்சி கேட்டாள்.

மூன்று நாளில் ஒரு கூடைகூடப் போடாத நாச்சி நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். "சடைச்சி! மேகலை! பூவரசி! கோமதி!" என்று காடு அதிரச் சொன்னாள். கடைசியாக, அதே கம்பீரத்தோடு, "நாச்சி!" என்றாள்.

பிறர் வெல்ல வழி செய்து கொடுப்பவருக்கும் அந்த வெற்றியில் முழுப் பங்கு உண்டு.